தாளை வெட்டும் கத்தி தக்காளியில் ஏன் வழுக்குகிறது?

ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாணைக்கல் வாங்கி நானே கத்தி தீட்டக் கற்றுக்கொண்டேன். தீட்டி முடித்ததும் தாளை வெட்டிப் பார்த்தால் சர்ரென்று போகிறது. கை முடியும் மழிகிறது. ஆனால் இரண்டு நாளில் தக்காளித் தோலில் வழுக்க ஆரம்பித்துவிடுகிறது. கூர் வந்துவிட்டதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எந்தச் சோதனை சரியானது?" நல்ல சோதனை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பதுபோல இருந்தாலும், இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கத்தி இப்போது வெட்டுகிறதா என்பது ஒன்று. வெட்டுவது உண்மையான கூரா, அல்லது கூரைப்போல நடிக்கும் வேறொன்றா என்பது இன்னொன்று. தாளும் முடியும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இவரை ஏமாற்றியது இரண்டாவது.

நான் தீட்டப் பழகியது தச்சு உளியில். உளி, இழைப்புளி என்று பல வருடம் தீட்டிய பிறகுதான் சமையல் கத்திகள் பக்கம் வந்தேன். ஆகவே இங்கே சொல்வது வீட்டுக் கத்திக்கும் தச்சுக் கருவிக்கும் பொருந்தும். சவரக்கத்தி தீட்டுவது தனி வித்தை, எனக்கு அதில் பழக்கம் இல்லை. அதனால் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

கூர் என்பது என்ன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் சோதனைகள் வெறும் வித்தையாகிவிடும். கத்தியின் இரண்டு பக்கச் சரிவுகளும் சந்திக்கிற கோடுதான் அதன் வாய். கணக்குப்படி அந்தக் கோட்டுக்கு அகலமே இருக்கக் கூடாது, நிஜத்தில் கொஞ்சம் இருக்கும். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்த அகலம் ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் கீழேயோ, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். நாம் கொடுக்கிற பலம் முழுவதும் அவ்வளவு சின்ன இடத்தில் குவிவதால்தான் பொருள் பிளக்கிறது. வாய் உருண்டு அகலமானால் அதே வேலைக்கு அதிக பலம் தேவைப்படும். மழுங்கிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

தீட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டே போனால், வாயில் இருக்கிற இரும்பு மெலிந்து மெலிந்து, கடைசியில் கல்லுக்கு இடம் கொடுத்து மறுபக்கம் சாய்ந்துவிடும். அந்த மெல்லிய தகடுதான் பிசிறு. பட்டறைகளில் பர் என்றும் சொல்வார்கள். பிசிறு வருவது நல்ல அறிகுறி, கல் வாய்வரை எட்டிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அது அங்கேயே தங்கிவிட்டால் சனியன். கடைசி சில இழுப்புகளில் அது நேராக நிமிர்ந்து நின்றுவிட்டால், பிளேடைவிட மெல்லிய தகடு ஒன்று கத்தியின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிற நிலைமை. அது தாளை வெட்டும், முடியை மழிக்கும், உங்களுக்குக் கைதட்டும். வெட்டுப்பலகையில் பத்துத் தடவை மோதியதும் மடிந்துவிடும், அல்லது உடைந்து போய் அடியில் தட்டையான ஒரு கோட்டை விட்டுவிடும். தக்காளித் தோலைத் தொடுவது அந்தத் தட்டைக் கோடு. கேட்டவருடைய கத்திக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புதிதாகத் தீட்டுகிறவர்களிடம் "இரண்டே நாளில் போய்விட்டது" என்ற புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிசிறைத்தான்.

ஆகவே கூர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் பிசிறு இல்லையா என்று பார்க்க வேண்டும். கத்தியைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கல்லின் சேறு ஒட்டியிருந்தால் விரலுக்கு எதுவும் தெரியாது. கட்டைவிரலைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து சரிவின் மேலாக வாயை நோக்கி நகர்த்தி, வாயைத் தாண்டி வெளியே விடுங்கள். வாயின் நீளத்துக்கு ஓட்டக் கூடாது, எதிர்த்திசையிலும் கூடாது. ஒரு பக்கம் வழவழவென்று போய், மறுபக்கம் கடைசியில் ஏதோ தட்டினால் பிசிறு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். விரலுக்குப் பிடிபடாத சின்னப் பிசிறுக்குப் பஞ்சு நல்லது. ஒரு துண்டுப் பஞ்சையோ மெல்லிய டிஷ்யூ தாளையோ அதே திசையில் இழுத்தால், பிசிறு இருக்கிற இடத்தில் நூல் நூலாக மாட்டிக்கொண்டு நிற்கும். நிமிர்ந்து நிற்கிற பிசிறை இந்த இரண்டும் சில சமயம் கோட்டைவிடும், ஏனென்றால் அது எந்தப் பக்கமும் சாய்ந்திருக்காது.

அதற்குத்தான் அடுத்த வழி, என் கணக்கில் இருப்பதிலேயே முக்கியமானது. தாளை வெட்டிப் பாருங்கள். பிறகு மென்மையான மரத்துண்டு ஒன்றின் முனைப்பக்கத்தில், நார்கள் முடிகிற பக்கத்தில், கத்தியின் முழு நீளமும் படும்படி லேசாக நான்கைந்து தடவை வெட்டுங்கள். மரம் இல்லையென்றால் அட்டைப்பெட்டியின் அட்டையில் ஏழெட்டு வெட்டு. அப்புறம் மறுபடியும் அதே தாள். முதல் தடவை போனமாதிரியே இரண்டாவது தடவையும் போனால் அது கூர். முதல் தடவை சர்ரென்று போய் இரண்டாவது தடவை கிழித்தால் அது பிசிறு. எனக்குக் கற்றுத்தந்த தச்சர் தீட்டிய உளியைத் தாளிலோ நகத்திலோ வைத்து நான் பார்த்ததில்லை. நேரே மரத்தில் வைத்து இரண்டு சீவல் எடுப்பார், மூன்றாவது சீவலைத்தான் உற்றுப் பார்ப்பார். ஏன் மூன்றாவது என்று எனக்குப் புரிய நாலைந்து வருடம் ஆனது. உளிக்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. மென்மையான மரத்தின் முனைப்பக்கத்தைச் சீவினால், கூர் உள்ள உளி பளபளப்பான முகத்தை விட்டுச் செல்லும். மழுங்கிய உளி நார்களை நசுக்கி, வெளிறிய புள்ளிகளாகப் பிய்த்துவிடும். மரமே சாட்சி சொல்லிவிடும்.

தாள் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள், ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. முதல் விஷயம் தாள். சாதாரண நகல் எடுக்கும் ஏ4 தாள் விறைப்பாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனில் இருக்கும். சுமாரான கத்தியும் அதை வெட்டிவிடும், ஆகவே அதில் தேறுவது பெரிய விஷயமில்லை. செய்தித்தாள் அதைவிட மெல்லியது, தொளதொளவென்று இருக்கும், விலகிக் கொடுக்கும். அதில் சுத்தமாக வெட்டினால் கொஞ்சம் மதிக்கலாம். டிஷ்யூ தாள் இன்னும் கடினம். இரண்டாவது, தாளுக்குத் திசை உண்டு. ஆலையில் தாள் ஓடுகிற திசையிலேயே நார்களில் பெரும்பகுதி படுத்துவிடும். செய்தித்தாளை ஒரு பக்கம் கிழித்தால் நேராகக் கிழியும், இன்னொரு பக்கம் கோணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசை நார்களின் திசை. அதை ஒட்டி வெட்டுவது எளிது, குறுக்கே வெட்டுவது கடினம். இதைக் கவனிக்காமல் நேற்று இப்படியும் இன்று அப்படியும் பிடித்து வெட்டிவிட்டு, கத்தி மழுங்கிவிட்டது என்று மறுபடி கல்லை எடுத்த ஆள்களில் நானும் ஒருவன்.

மூன்றாவது, எப்படி வெட்டுகிறீர்கள் என்பது. கத்தியை இழுத்துக்கொண்டே வெட்டுவது ஒரு சோதனை, இழுக்காமல் நேராகக் கீழே அழுத்துவது வேறொரு சோதனை. இழுக்கும்போது பொருளைப் பிளக்கத் தேவையான அழுத்தம் குறைந்துவிடுகிறது, அதனால் சுமாரான வாயும் தப்பித்துவிடும். கொஞ்சம்கூட இழுக்காமல், கையில் பிடித்த தாளின் ஓரத்தில் கத்தியை வைத்து அழுத்தினாலே இறங்குகிறது என்றால் வாய் உண்மையாகவே மெல்லியது. விரல் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் வெட்டுவது எளிது, தள்ளித் தள்ளிப் போகப்போக தாள் தளர்ந்து கடினமாகும். பிடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெட்டுகிறது என்று பார்ப்பது வீட்டிலேயே கிடைக்கிற ஒரு நல்ல அளவுகோல். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சத்தம். நல்ல வாய் மெல்லிய சீறலோடு ஒரே சுருதியில் போகும். எங்காவது கரகரத்தால் அந்த இடத்தில் பொக்கோ, அதாவது வாய் உடைந்த சின்னப் பள்ளமோ, பிசிறோ இருக்கிறது. பிடிக்குப் பக்கத்தில் தொடங்கி நுனிவரை முழு வாயையும் ஒரே இழுப்பில் தாளின் ஊடாகக் கொண்டுபோங்கள். புதிதாகத் தீட்டுகிறவர்களின் கத்தியில் நடுப்பகுதி பிரமாதமாக இருக்கும், பிடிப்பக்கமும் நுனியும் கோரமாக இருக்கும். நடுவில் மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தால் இது தெரியவே தெரியாது. அதற்காகத் தாளை வெட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். தாளில் கால்சியம் கார்பனேட், களிமண் மாதிரியான கனிமப்பொடிகள் கலந்திருக்கும், அவையும் வாயைத் தேய்க்கும்.

எதையும் வெட்டாமல் பார்க்கிற வழி வெளிச்சம். அறையில் ஒரே ஒரு விளக்கை விட்டுவிட்டு, வாய் உங்கள் கண்ணை நேராகப் பார்க்கும்படி கத்தியைப் பிடித்து மெல்ல அசையுங்கள். மழுங்கிய இடம் ஒரு சின்னப் பரப்பு, ஆகவே அது ஒளியைத் திருப்பியனுப்பும். வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னும். கூர் வந்த இடத்தில் திருப்பியனுப்பப் பரப்பே இல்லை, கறுப்பாகத்தான் தெரியும். எந்த இடத்தில் மறுபடி தீட்ட வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டுகிற சோதனை வேறில்லை, செலவும் இல்லை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மின்னினால் மழுங்கல் என்பது உறுதி, மின்னாவிட்டால் மிகக் கூர் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிற அளவு மழுங்கல் இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.

நகத்தில் வைத்துப் பார்ப்பதைப் பலர் சொல்வார்கள். கத்தியின் எடை மட்டும் படும்படி கட்டைவிரல் நகத்தில் சாய்வாக வைத்தால் கூர் உள்ள வாய் பிடித்துக்கொள்ளும், மழுங்கியது வழுக்கும். வேலை செய்கிற சோதனைதான். ஆனால் நகத்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பேனாவை வைத்துக்கொண்டால் அதே பதில் கிடைக்கும், விரல் மிஞ்சும். பேனாவைப் படுக்க வைத்துப் பிடித்து, வாயை அதன்மேல் சாய்வாக வைத்து லேசாகத் தள்ளுங்கள். எந்தக் கோணத்தில் வழுக்காமல் பிடிக்கிறது என்று வாயின் ஒவ்வொரு இடத்திலும் பார்க்கலாம். விரல் நுனியை வாய்க்குக் குறுக்கே லேசாக நகர்த்தி உணர்வதும் உண்டு. அனுபவம் உள்ளவர்களுக்கு அது ஒரு நொடியில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆனால் அதை எழுத்தில் கற்றுத்தர முடியாது. நூறு கத்திகளைத் தொட்ட விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். விரலை வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டாதீர்கள், குறுக்கே மட்டும்தான்.

கை முடியை மழிப்பது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். சொரசொரப்பான கல்லில் தீட்டிப் பிசிறோடு விட்ட கத்தியும் மழிக்கும். மழிக்காவிட்டால் ஏதோ குறை என்று தெரிந்துகொள்ளலாம், மழித்தால் எதுவும் நிரூபணமாகவில்லை.

இப்போது தக்காளி. அதன் தோல் வழுக்கும், இழுபடும், அடியில் இருப்பதோ மென்மையான சதை. அழுத்தினால் தோல் வெட்டுப்படுவதற்கு முன் சதை நசுங்கிவிடும். ஆகவே கத்தியின் எடையைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், தோலில் வைத்து இழுங்கள். உடனே பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இங்கே ஒரு முரண் உண்டு, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். கல் எவ்வளவு நுண்மையானது என்று சொல்லும் எண்தான் கிரிட், எண் கூடக் கூடக் கல் வழவழப்பாகும். 1000 கிரிட் கல்லோடு நிறுத்திய வாயில் நுண்ணிய பற்கள் மிஞ்சியிருக்கும். அவை தக்காளித் தோலை ரம்பம் மாதிரி கவ்வும். 6000, 8000 என்று மேலே மேலே போய்க் கண்ணாடி மாதிரி தேய்த்த வாய், இழுக்காமல் அழுத்தி வெட்டுகிற சோதனையில் ஜெயிக்கும், தக்காளித் தோலில் சில சமயம் தயங்கும். ஆகவே தாளில் தேறி தக்காளியில் தோற்றது என்றால் காரணம் பிசிறாகவும் இருக்கலாம், வாய் அளவுக்கு மேல் வழுவழுப்பாகிவிட்டதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி: தீட்டிய அன்றே தக்காளியிலும் பார்த்துவிடுங்கள். அன்றே வழுக்கினால் வழுவழுப்பைச் சந்தேகிக்கலாம், அன்று நன்றாக வெட்டி நாளை வழுக்கினால் பிசிறை. கேட்டவர் முதல் நாள் தக்காளியில் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. அது தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

கூரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற இன்னொன்று கத்தியின் தடிமன். தாள், தக்காளி எல்லாவற்றிலும் தேறிய கத்தி கேரட்டில் பாதி இறங்கிப் படக்கென்று பிளந்தால், குறை வாயில் இல்லை. வாய்க்கு மேலே கத்தி தடித்துப்போயிருக்கிறது, ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. வருடக்கணக்கில் வாயை மட்டும் தீட்டித் தீட்டி, வாய் முதுகுப்பக்கம் ஏறிக்கொண்டே போனால் இந்த நிலை வரும். எவ்வளவு கூராக்கினாலும் தீராது, பக்கங்களைத் தேய்த்து மெலியவைக்க வேண்டும். தாள் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் தாளுக்குத் தடிமனே இல்லை.

கருவி வைத்து அளக்க முடியாதா என்று கேட்டால், முடியும். பெஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஓர் அளவீடு இருக்கிறது. குறிப்பிட்ட தரத்தில் செய்த மெல்லிய இழையை ஒரு தராசின் மேல் கட்டி வைத்து, அது அறுபட எத்தனை கிராம் அழுத்தம் தேவைப்பட்டது என்று பார்ப்பதுதான் விஷயம். எண் குறையக் குறைய கூர் அதிகம். புதிய சவர பிளேடு 50 கிராம் வாக்கில் வரும். தொழிற்சாலைகள் பின்பற்றுவது ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரநிலை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா நிறுவனத்தின் இயந்திரம் இதற்குப் பேர்போனது. சிலிக்கா கலந்த அட்டைகளின் அடுக்கின் மேல் 50 நியூட்டன், அதாவது சுமார் ஐந்து கிலோ எடை அளவுக்கு அழுத்தி, கத்தியை 40 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். முதல் மூன்று சுற்றில் எவ்வளவு ஆழம் வெட்டியது என்பது ஆரம்பக் கூர், 60 சுற்றில் மொத்தம் எவ்வளவு என்பது கூர் நிற்கும் தன்மை. கவனித்தீர்களா, அவர்களும் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. பெஸ் கருவி வாங்கினால் நன்றாகப் பொழுது போகும், ஆனால் அதுவும் வாயின் ஒரே ஒரு புள்ளியைத்தான் அளக்கிறது, நிமிர்ந்து நிற்கிற பிசிறும் அதில் நல்ல மதிப்பெண் வாங்கும்.

பூதக்கண்ணாடி விஷயத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் உண்மையிலேயே உதவும். பொக்கு, பெரிய பிசிறு, கல் எட்டாத இடம் எல்லாம் தெரியும். ஆனால் வாயின் உச்சியை எந்த ஒளி நுண்ணோக்கியிலும் சரியாகப் பார்க்க முடியாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்ரான், நல்ல கத்தியின் வாயும் கிட்டத்தட்ட அதே அளவு. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அது பிடிபடும். நூறு மடங்கு பெருக்கிய படத்தைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு கூர்" என்று யாராவது சொன்னால், அவர் காட்டுவது சரிவின் கீறல்களைத்தான்.

பிசிறை எப்படி நீக்குவது என்பதில் தீட்டுகிறவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், பக்கத்துக்கு ஒன்று என மாற்றி மாற்றிக் கல்லில் தேய்ப்பது, கடைசியில் தோல் வாரில் வாய் பின்னால் வரும்படி, முதுகு முன்னே போக இழுப்பது, இவ்வளவும் எல்லோரும் ஒத்துக்கொள்வது. மரத்திலோ கார்க்கிலோ வாயை இழுத்துப் பிசிறைப் பிய்த்தெடுப்பதில்தான் சண்டை. பிய்த்த இடத்தில் கந்தலான வாய் மிஞ்சும் என்பது ஒரு கட்சி. மிஞ்சினால் என்ன, அதன்பின் இரண்டு இழுப்பு கல்லில் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி, ஆனால் இது என் கைப்பழக்கம் சொல்வது, நிரூபித்த உண்மை அல்ல. இரும்பின் குணமும் இதில் சேர்கிறது. மென்மையான துருப்பிடிக்காத எஃகுக் கத்திகளில் பிசிறு சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாயும், லேசில் விழாது. நன்றாகக் கடினப்படுத்திய கார்பன் எஃகில் அது சட்டென்று உதிர்ந்துவிடும். வீட்டில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை என்பதால் பொறுமை அதிகம் வேண்டும்.

சரி, கேட்டவர் அடுத்த முறை செய்ய வேண்டியது இது. வழக்கம்போலத் தீட்டுங்கள். முடிந்தது என்று தோன்றியதும், கத்தியின் எடை மட்டும் படுகிற அளவு மெதுவாக, பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து இழுப்பு கொடுங்கள். கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து முழு நீளமும் பாருங்கள், பஞ்சை இரண்டு பக்கமும் இழுங்கள். செய்தித்தாளைக் குறுக்கு நாரில் வெட்டுங்கள், மரத்தில் ஐந்து வெட்டு, மறுபடி அதே தாள், பிறகு தக்காளி. மரத்துக்குப் பின் தாள் கிழிந்தால் அந்தப் பத்து இழுப்பை மறுபடி கொடுங்கள், முழுவதும் தீட்ட வேண்டாம். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தும் தேறவில்லையென்றால், மார்க்கர் பேனாவால் இரண்டு சரிவுகளுக்கும் மை பூசி, கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாயை ஒட்டி மை அப்படியே நின்றால், நீங்கள் பிடிக்கிற கோணத்தில் கல் இன்னும் வாயைத் தொடவே இல்லை. அப்படியானால் முதுகைக் கல்லிலிருந்து இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மை வாய்வரை அழிகிற கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.